பத்துக்கு ஒன்று கொசுறு

வெள்ளத்தாயின் உயிருக்கு ஆஸ்பத்திரி சொன்ன விலை இரண்டு லட்சம். முதலில் ஒன்றரைதான் சொன்னார்கள். செத்தவளின் மகள் மாரிச்செல்வி வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பேரம் என்று எண்ணி அவர்களாகவே ஏற்றிக்கொண்டார்கள்.

"திங்கக்கெழம வாரேன் தாயி. கையெழுத்தப் போட்டு வச்சிரு," என்றார் தூது வந்த தங்கப்பாண்டியன். ஓய்வுபெற்ற ஏட்டு. சமாதானம் பேசுவதுதான் அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு இப்போது வேலை. "வயித்துக்குள்ள துணிய வச்சுத் தச்சிட்டாகன்னு ஊரெல்லாம் சொல்லாத. கட்டுக்குப் பத்து துணி. ஒரு கட்டுதான் பிரிச்சாக. பத்து உள்ள போச்சு, பத்தும் வெளிய வந்துருச்சு. நர்ஸு கணக்கு நேரா இருக்கு."

"அப்ப எக்ஸ்ரேல தெரிஞ்ச நூலு, அண்ணாச்சி?"

"மெசின் கோளாறு."

நூலைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இராஜபாளையத்தில் அவள் வீட்டு முன்னறையில் மடித்துக் கட்டிய, ஆபரேஷனில் ரத்தம் ஒற்றும் காஸ் துணிதான் அந்த ஆஸ்பத்திரிக்கே போகிறது. எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும் என்றே ஒவ்வொரு துணியிலும் ஒரு நீல நூல் ஓடும். கட்டுவது மாரிச்செல்வி, வியாபாரம் வெள்ளத்தாய். "பத்துக்கு ஒண்ணு கொசுறு வையி ஏட்டி. கொசுறு போடாத கை வெளங்காது," என்பது வெள்ளத்தாயின் சட்டம்.

தங்கப்பாண்டியன் போனபிறகு அவள் பின்னறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள். செவ்வாய்க் கிரகத்தில் விண்கல் விழுந்து குடைந்த ஒரு பள்ளத்துக்குள் ஆறு சக்கர வண்டி ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கிறது. அது ரேடார் வைத்துத் தரைக்கடியில் எடுக்கும் படங்களில் அடுக்குகளைக் கோடு போட்டுப் பிரிப்பது அவளுடைய இன்னொரு சம்பளம். மேலே காற்று கொண்டுவந்து கொட்டிய தூசி. அதன் கீழே, பள்ளம் ஒரு காலத்தில் ஏரியாகக் கிடந்தபோது படிந்த வண்டல். அடியில், மோதிய சூட்டில் நொறுங்கி உருகி மறுபடி ஒட்டிக்கொண்ட பாறைச் சில்லுகள். அடித்த அடியில் தரை தண்ணீர்போலத் தெறித்து, நடுவில் மேடாக எழும்பி, அப்படியே உறைந்துபோன இடம். எத்தனையோ கோடி வருஷமாக அந்தக் கிரகம் தன் காயத்தை மடிப்பு மடிப்பாக மூடிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றும். மடிப்பு அவளுக்குத் தெரிந்த தொழில்.

அன்று வண்டல் அடுக்குக்குள் ஒரு வெள்ளை நூல் கிடந்தது.

எந்த அடுக்கோடும் சேராமல், சுருண்டு. இடது ஓரத்தில் ஒரு கண்ணி, அதிலிருந்து கொக்கிபோல ஒரு வளைவு. அவள் பீரோவிலிருந்து அம்மாவின் எக்ஸ்ரே பிலிமை எடுத்துத் திரைமேல் வைத்தாள். கண்ணிமேல் கண்ணி உட்கார்ந்தது. வளைவுமேல் வளைவு.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசில் அவள் வேலையைச் சரிபார்க்கும் ஜெர்வினுக்குப் போன் போட்டாள்.

"மெசின் கோளாறுன்னு குறிச்சிட்டு அடுத்த படத்துக்குப் போங்கக்கா," என்றான். "பொருள்னு குறிச்சா வண்டிய நிறுத்தித் தொளச்சுப் பாப்பாங்க. அம்புட்டு தூரம் போயி நூல எடுத்தாங்கன்னா நம்மூரு மில்லுக்காரவுக விழுந்து விழுந்து சிரிப்பாக."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பூமியிலும் அதே பதில், செவ்வாயிலும் அதே பதில். "தொளைக்கட்டும் தம்பி. எவனாவது ஒருத்தன் தொறந்து பாக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, 'பொருள்' என்று குறித்து அனுப்பினாள்.

வண்டி நின்றது. அடுத்தடுத்து வந்த படங்களில் நூல் நிற்கவில்லை. வண்டலைத் தாண்டி, தூசிக்கு ஒரு சாண் கீழேவரை ஏறியிருந்தது. அதைச் சுற்றி மங்கலாக ஒரு சதுரம். மடிப்புகள்.

வீட்டுக்குள்ளும் ஏதோ ஏறியது. முன்னறையின் பிளீச்சிங் வாடைக்கு அடியிலிருந்து, சூடேறிய தகரத்தில் முதல் மழைத்துளி விழுந்ததுபோல ஒரு துரு வாடை கிளம்பி, மெல்லமெல்லத் திரிந்து, கடைசி நாட்களில் வெள்ளத்தாயின் கட்டிலைச் சுற்றி நின்ற சீழ் வாடையாக மாறியது. சுவருக்கு அந்தப் பக்கம், துணியை மடித்து உள்ளங்கையால் நீவிவிடும் சத்தம், அவசரமில்லாமல், வேலை தெரிந்த கை நீவுவதுபோல. போய்ப் பார்த்தால் கட்டுகள் மட்டும். அடிவயிற்றில், அம்மா கையை வைத்து அழுத்திக்கொள்ளும் அதே இடத்தில், அவளுக்கும் ஒரு வலி. கோபம்தான் வயிற்றைப் பிசைகிறது என்று சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம் துளைத்தபோது எடுத்த படங்கள் வந்தன.

சிவப்புத் தரை. சின்னத் துளை. துளைக்கருவி வெளியே வருகிறது. அதன் நுனியில் சிக்கிக்கொண்டு ஒரு நூல்.

நீல நூல்.

துணி வரவில்லை. உள்ளேயே இருக்கிறது.

பத்து உள்ளே, பத்து வெளியே. நர்ஸ் பொய் சொல்லவில்லையா? அவள் முன்னறைக்கு ஓடினாள். ஒரு கட்டைப் பிரித்தாள். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டாள். பத்து வந்தது. கையில் இன்னும் ஒன்று இருந்தது.

கொசுறு.

ஆஸ்பத்திரிக்காரன் சட்டையைப் பிடிக்க இத்தனை நாள் வளர்த்த ஆத்திரம் அப்படியே திரும்பி அவள் கழுத்தைப் பிடித்தது. உறையில் பத்து என்று போட்டிருந்தது. நர்ஸ் அதை நம்பினாள். பதினொன்றாவதை யாரும் தேடவில்லை. அதை வைத்த கை இதுதான்.

வாசல் கதவு தட்டப்பட்டது. "தாயி! கையெழுத்து ஆச்சா?"

பதில் சொல்ல வாயெடுத்தாள். வயிற்றுக்குள் எதுவோ சுண்டியது.

குனிந்தாள். சேலையை விலக்கினாள். தொப்புளிலிருந்து ஒரு நூல். நீலம். ஈரம். தரையில் விழாமல் விறைப்பாக, நடுக்கதவைத் தாண்டி, பின்னறைக்குள், திரைக்குள், அந்தத் துளைக்குள்.

கதவு வழியே தெரிந்த திரையில் படம் மாறியது. கருவி ஒரு விரல்கடை உயர்ந்தது.

இழுபட்டது.

"ஏத்தா, உள்ள இருக்கியா இல்லையா?"

இன்னொரு படம். இன்னொரு விரல்கடை. உள்ளே மடிப்பு ஒன்று பிரிவதை அவள் உணர்ந்தாள்.

உள்ளே போனது பதினொன்று.

வெளியே வந்தது பத்து.

பாக்கி ஒன்று.