இது மொகு இல்ல

"ஏங்க... அந்த அட்டையை எனக்குக் குடுத்துடுங்களேன்."

இபுகி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

எதிரே ஒருவன். தலைமுடியிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. விடியுமுன்பே எழுந்து பழகிய கண்கள்... சிவந்திருந்தன, ஆனாலும் சிரித்தன. அந்தக் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த அட்டையைப் பார்த்தன.

டிக்கெட்டைக் காட்டி உள்ளே நுழையும்போது ஆளுக்கொரு வெள்ளி உறை கொடுத்திருந்தார்கள். உள்ளே யார் படம் இருக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். இபுகியின் உறையில் மொகு இருந்தது. ஈர மீசையும் உருண்டைக் கண்களுமாக, 'மழைக்காவல்' தொடரின் செல்ல நீர்நாய். பேசத் தெரியாத நதி தேவதை. நான்கு வருடம் தொலைக்காட்சியில் கதாநாயகிக்குப் பின்னாலேயே ஓடிய மொகுவுக்கு இப்போது தனியாக ஒரு சினிமா.

"சும்மா வேண்டாங்க. இதை வெச்சுக்குங்க." அவன் தன் அட்டையை நீட்டினான். தங்க ஓரம் போட்ட கதாநாயகி. அதற்காக மூன்று தடவை படம் பார்க்கிறவர்கள் உண்டு.

"வேண்டாங்க."

"தங்க ஓரங்க..."

"எனக்கு மொகுதான் வேணும்."

"எனக்கும் மொகுதாங்க வேணும். பிடிவாதக்காரியா இருக்கீங்களே."

"நானா கேட்டு வந்தேன்?"

இபுகி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

டோக்கியோவிலிருந்து ரயில் ஏறி, தன்னை யாரும் அறியாத இந்தக் கனசாவா நகரம் வரை அவள் வந்திருந்தது ஒரே காரணத்துக்காக. இந்தப் படத்தில் மொகுவின் குரல் அவள். அதுவரை மொகுவாக இருந்தவர் தொமோயே என்ற நடிகை. போன இலையுதிர் காலத்தில் தொண்டையில் அறுவைச் சிகிச்சை. உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது. அதே மாதிரி தொண்டை தேடியவர்களுக்குக் கடைசியில் கிடைத்தவள் இபுகி.

யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்றார்கள். அவளால் நம்ப முடியவில்லை. சாதாரண ஜனங்களோடு உட்கார்ந்து பார்ப்பது, ஒரே ஒருவர் 'இது மொகு இல்ல' என்று சொன்னாலும் போதும், இந்த வேடத்தை விட்டுவிடுவது... அப்படி ஒரு முடிவோடு வந்திருந்தாள்.

பக்கத்து இருக்கை அழுத்தமாகக் கிறீச்சிட்டது.

அவனேதான்.

"நான் உங்க பின்னால வரலைங்க. சீட்டு நம்பர் அப்படி."

இபுகி திரையையே பார்த்தாள். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்தவன், மன்னிப்புக் கேட்கும் குரலில் ஆரம்பித்தான். பெயர் ரெய்ஜியாம். ஓமிச்சோ சந்தையில் நண்டும் மீனும் விற்கிறவனாம். நாள் முழுக்கக் கத்தி விற்கிற தொழில், அதனால் மெதுவாகப் பேச வராதாம். அது அவன் சொல்லாமலே தெரிந்தது. முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின.

"அட்டை எனக்கில்லங்க. அக்காவுக்கு."

"உங்க அக்காவையே வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."

"வரமாட்டேன்னுட்டா. நீ போய் மொகு குரலைக் கேட்டுட்டு வான்னு என்னை அனுப்பிட்டா." அவன் குரல் முதன்முறையாகத் தணிந்தது. "நாலு வருஷமா மொகுவுக்குக் குரல் குடுத்தது அவதாங்க."

இபுகி அட்டையைக் கைப்பைக்குள் தள்ளினாள்.

'தொமோயேயின் தம்பியா... இத்தனை ஊரில், இத்தனை இருக்கையில், என் பக்கத்திலா...'

"இப்ப எவனோ ஒருத்தனாம். இபுகின்னு பேரு. பேரைப் பார்த்தாலே தெரியலை? தடியா, தாடி வெச்சுக்கிட்டு இருப்பான்."

ஆணுக்கும் வைக்கிற பெயர், பெண்ணுக்கும் வைக்கிற பெயர். மூச்சுக்காற்று என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து எத்தனையோ பேர் செய்த தப்புதான். மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

"தாடி வெச்சிருந்தா என்ன தப்பு?" என்று மட்டும் கேட்டாள்.

விளக்கு அணைந்தது.

திரையில் மழை. ஆற்றின் நடுவே ஒரு பாறை. பாறைக்குப் பின்னாலிருந்து குட்டி மொகு தலையை நீட்டி, பசியில் முதல் தடவையாகக் குரல் கொடுத்தது.

"இது மொகு இல்ல."

ரகசியமாகச் சொல்வதாகத்தான் அவன் நினைத்திருக்க வேண்டும். மூன்று வரிசைக்குக் கேட்டது. இருமினால்கூட முறைத்துப் பார்க்கிற அரங்கம்... எல்லாத் தலைகளும் திரும்பின. அவன் இருக்கையிலேயே குனிந்து குனிந்து வணங்கினான்.

யாரும் இபுகியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பயந்திருப்பார்கள். முகத்தில் சொட்டு ரத்தமில்லை.

எந்த வார்த்தைக்குப் பயந்து வந்தாளோ அதே வார்த்தை... ஓர் எழுத்து மாறாமல்.

முடிந்தது. நாளைக்கே சொல்லிவிட வேண்டும். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். வரிசையின் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு திரையில் மொகு வளர்ந்தது, விளையாடியது, ஒரு படகோட்டியின் மகளிடம் அன்பு வைத்தது. சுற்றிலும் சிரித்தார்கள், மூக்கை உறிஞ்சினார்கள். அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. பக்கத்தில் அவன் கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

கடைசிக் கட்டம் வந்தது. வெள்ளம் அந்தச் சிறுமியை இழுத்துக்கொண்டு போகிறது. மொகு பாறைமேல் ஏறி நின்று வானத்தைப் பார்த்து வாயைத் திறக்கிறது.

அந்தக் கூவல் எழுந்தது. நீளமாக... உயர உயரப் போய், உச்சியில் லேசாக விரிசல் விட்டு...

ரெய்ஜி துள்ளி நிமிர்ந்தான்.

கைப்பிடியில் இருந்த அவள் கையை அவன் பிடித்துவிட்டிருந்தான். யார் கை என்றே அவனுக்குத் தெரியவில்லை. வாய் திறந்திருந்தது. கன்னத்தில் கண்ணீர் ஓடியது, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இபுகி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. அங்கே கடைசிப் பெயர் மறையும்வரை யாரும் எழுவதில்லை. கறுப்புத் திரையில் ஒரே வரியில் இரண்டு பெயர்கள் மேலேறின. மொகு... குராமோச்சி தொமோயே, மகாபே இபுகி.

விளக்கு எரிந்தது. ஜனங்கள் கலைந்தார்கள். அவன் மட்டும் அசையவில்லை.

"அது அக்கா..." யாரிடம் என்றில்லாமல் சொன்னான். "குளியல் தொட்டிக்குள்ள உக்காந்துக்கிட்டு இதைத்தான் கத்துவா. பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க. கடைசியில குரல் உடையும்ல, அது அவளுக்கு மட்டும் வரும். எப்படிங்க இது..."

"டிவி தொடருக்காக முன்னாடியே அவங்க பதிவு பண்ணினது. அந்தக் காட்சியையே வெட்டிட்டாங்க. பதிவு மட்டும் இருந்துச்சு."

"ஓ..."

"புதுசா வந்தவரும் அந்தக் கூவலைக் கத்தினாரு. இயக்குநருக்கு அது ரொம்பப் பிடிச்சுது. ஆனா இது தொமோயே அக்காவோடது, அவங்களோடதையே போடுங்கன்னு அவரே கேட்டுக்கிட்டாரு."

"அந்தத் தாடிக்காரனா?"

"ம்."

அவன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டான். "அந்த ஆளை நேர்ல பார்த்தேன்னா..."

"பார்த்தா?"

"இடுப்பு ஒடியிற மாதிரி குனிஞ்சு வணங்கணுங்க."

"ஒடிய வேண்டாம்," என்றாள் இபுகி. "நாளைக்கு நண்டு விக்கணும்ல."

அவன் திரும்பினான். அன்றைக்கு முதல் தடவையாக அட்டையை விட்டு, திரையை விட்டு, அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முகம் மெல்ல மெல்லப் பேயறைந்த மாதிரி ஆவதை அவளும் பார்த்தாள்.

"நீங்க... தாடி..."

"மழிச்சுட்டேன்."

துடைப்பத்தோடு வந்த பெண்மணி இருவரையும் மாறி மாறிப் பார்க்க, அவர்கள் வெளியே வந்தார்கள். மழை விட்டிருக்கவில்லை. வாசல் கூரையின் கீழே இபுகி கைப்பையைத் திறந்து மொகு அட்டையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"அக்காகிட்ட குடுங்க. இனிமே எனக்கு எதுக்கு..."

"எதுக்குன்னா? உங்களோட மொகுதானே?"

அவள் சொன்னாள். ரயில் ஏறியபோது எடுத்த முடிவை. ஒருவர் சொன்னாலும் விட்டுவிடுவது என்று. அந்த ஒருவர் வரிசையெல்லாம் கேட்கச் சொல்லிவிட்டார் என்று.

ரெய்ஜிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூரையைத் தாண்டி மழைக்குள் இரண்டடி போனான். நனைந்துகொண்டே திரும்பி வந்தான்.

"உள்ள சொன்னது நிஜம். இது அக்கா இல்லன்னு தெரிஞ்சுது. ஆனா அடுத்த தடவை எப்பக் கூவும்னு நான் காத்துக்கிட்டு இருந்தேங்க. படம் பூரா. அக்காவுக்குத் துரோகம் பண்ற மாதிரி இருந்துச்சு... அந்தக் கோவத்துலதான் கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். உங்க பக்கம் திரும்பினா மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடிச்சுடுவீங்களோன்னு பயம்."

"என்னத்தை?"

"பிடிச்சுப்போச்சுன்னு."

மழை இன்னும் வலுத்தது. அவன் தொலைபேசி அதிர்ந்தது. திரையில் தொமோயே. கழுத்தில் துணி சுற்றிய, மெலிந்த முகம். தம்பியின் தோளுக்குப் பின்னால் நின்றவளைக் கண்டதும் அந்தக் கண்கள் அகன்றன. சத்தமில்லாமல் சிரித்தாள். பிறகு தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, இபுகியைச் சுட்டி, மொகு மீன் தின்பது மாதிரி கன்னங்களை உப்ப வைத்து மென்றாள், இனி மொகு நீதான் என்கிற மாதிரி.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று தம்பி கத்தினான். "அந்தக் கூவலைப் பத்தி... இவங்களைப் பத்தி?"

தொமோயே ஆமாம் என்று தலையாட்டிவிட்டு இணைப்பைத் துண்டித்தாள்.

இபுகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டோக்கியோ ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றாள். ஆனால் நகரவில்லை.

"இருந்தாலும்... நீங்க கண்டுபிடிச்சுட்டீங்களே, ரெய்ஜி. நான் எனக்கே குடுத்துக்கிட்ட வாக்கு..."

அவன் அவளுடைய குடையை வாங்கி விரித்து அவள் தலைக்குமேல் நீட்டினான். வாழ்க்கையில் முதல் தடவையாக, பக்கத்திலிருப்பவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினான்.

"நான் எதையும் கண்டுபிடிக்கலைங்க... உங்களைத் தவிர."