கிராணி வீட்டுப் பதில்

நவமணி கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். அதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்துவிட்டது.

"இன்னும் முடிவு பண்ணலம்மா. அடுத்த ஞாயிறு வாங்க."

தூக்கிய கை அப்படியே நின்றது. அவள் சத்தம் எதுவும் எழுப்பியிருக்கவில்லை. மழையில் ஊறிய செம்மண் பாதையில் காலடி கேட்காது. வயதானவர், வேறு யாரையோ எதிர்பார்த்துக் கதவோரம் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். பத்தடி நடந்த பிறகு அந்த நினைப்பே உறுத்தியது. வேறு யாரை?

அது 1979, டிசம்பர் மாதம். அவள் கணவன் இராமையா தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போடுகிறவர். ஐம்பத்தைந்து வயது முடிந்துவிட்டதால் வருடக் கடைசியோடு வேலையிலிருந்து நிற்க வேண்டும், தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். அந்த வீட்டுக்கு வரப்போகிற குடும்பம் ஏற்கெனவே ஒருமுறை வந்து அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது.

கடைசித் தேயிலை மலையைத் தாண்டி, கம்போங் ராஜா போகும் சாலைக்கு மேலே இருந்தது நாகரத்தினத்தின் பலகை வீடு. வேறொரு எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். இவர்கள் லயத்தில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. வீட்டை விற்கிறார் என்று கேள்விப்பட்டு இரண்டு வாரத்துக்கு முன் கணவனும் மனைவியும் போனபோது, அவரே அறை அறையாகக் காட்டி, காப்பி கலந்து கொடுத்து, இவர்கள் சொன்ன விலையைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதவு திறக்கவே இல்லை. குரல் மட்டும்தான்.

"யாரோ கூட விலை கேட்டிருக்காங்க. அதான் நம்மள இழுத்தடிக்கிறாரு," என்றாள் அன்று மாலை.

"வயசானவருலா. நாலு பேத்தக் கேட்டுத்தான் சொல்வாரு," என்றார் இராமையா. "நீ சும்மா போயி நச்சரிக்காத."

புதன்கிழமை கொழுந்து நிறுத்துக் கொடுத்ததும், கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக அங்கேதான் போனாள். மதியம் மூன்று மணிக்கே பனி இறங்கி, தேயிலை வரிசைகள் ஒவ்வொன்றாக மறைந்து, கீழே சாலையில் போகும் லோரியின் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வருவதுபோல் வந்து போயிற்று. வீட்டின் திரைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. அடுப்புப் புகை இல்லை. ஈரப் பலகையின் வாசம். அதற்கு அடியில் இன்னொரு வாசம், பல நாள் மாற்றாத பூச்சாடித் தண்ணீர்போல.

"கிராணி ஐயா."

"வாங்கம்மா." குரல் கதவுக்கு மிக அருகில், தாழ்வாக, உட்கார்ந்துகொண்டு பேசுவதுபோல் வந்தது. "வீட்டுல எத்தன பேரு?"

"ரெண்டு பேருதான் ஐயா. அன்னிக்கே சொன்னேனே."

"ரெண்டு பேரு," என்றது குரல். அவளுக்குச் சொன்னது மாதிரி இல்லை. உள்ளே பக்கத்தில் இருக்கிற யாருக்கோ எடுத்துச் சொன்னது மாதிரி இருந்தது. பிறகு, "உங்க வீட்டுக்காரரு தூக்கத்துல பேசுறாரே. யாருகிட்ட?"

நவமணிக்கு முகம் சுட்டது. கல்யாணமான நாளிலிருந்து இராமையாவுக்கு அந்தப் பழக்கம். அவள் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. லயத்தில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் வேலம்மாவுக்கு மட்டும் அது கேட்டிருக்கலாம். வேலம்மாதான் கோள் சொல்லியிருக்கிறாள். உள்ளே கிழவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவளுடைய ஆளாகவே இருக்கலாம்.

பின்பக்கம் போய்ப் பார்த்துவிடுவது என்று சுற்றி நடந்தாள். பின்கதவில் வெளியிலிருந்து பூட்டு தொங்கியது. பூட்டின்மேல் பச்சையாகப் பாசி.

அப்படியானால் கிழவரை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். வீட்டை விற்கவிடாமல் மகளோ யாரோ. பலகையைத் தட்டினாள்.

"ஐயா, உங்கள யாராச்சும் பூட்டி வச்சிருக்காங்களா?"

முன்கதவருகில் இருந்த குரல் இப்போது பின்கதவுக்குப் பின்னால் இருந்தது. நடந்து வந்த சத்தம் இல்லை.

"அடுத்த தடவ ரெண்டு பேருமா வாங்க."

அன்று இரவு அவள் தூங்கவில்லை. இராமையா தூக்கத்தில் ஏதோ சொன்னார், நிறுத்தினார், காது கொடுத்துக் கேட்பவர்போல் இருந்துவிட்டு மறுபடியும் சொன்னார். வேலம்மா வீட்டுப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

அந்த வீட்டை பிரிஞ்சாங்கில் காய்கறி வியாபாரம் செய்யும் முருகையாவும் கேட்டார் என்று ஒரு பேச்சு அவள் காதில் விழுந்திருந்தது. சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனாள். கடையில் கோசுகளின் வெளி இலையை உரித்துக்கொண்டிருந்தவரிடம் சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அண்ணே, நாகரத்தினம் கிராணி வீட்ட நீங்க பேசி முடிச்சிட்டீங்களா? மறைக்காமச் சொல்லிடுங்க. நாங்க வேற எடம் பாக்கணும்."

முருகையா அவளை நிமிர்ந்து பார்த்தார். "நானும் வெல சொன்னேன்மா. பதில் சொல்றதுக்குள்ள மனுசன் போயிட்டாரே."

"எங்க போயிட்டாரு?"

"தவறிட்டாரும்மா. ஈப்போல மக வீட்டுக்குப் போனவரு, அங்கேயே. நான் சுடுகாடு வரைக்கும் போயிட்டு வந்தேன். இன்னியோட பதினெட்டு நாளு."

நவமணி மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். அவர்கள் காப்பி குடித்த ஞாயிற்றுக்குப் பிறகு வந்த செவ்வாய்.

"அப்ப வீட்டுல இருக்கறது யாரு?"

"யாரு இருக்கா? சாவி மககிட்ட. பூட்டித்தான் கெடக்கு."

திரும்பி வரும் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தாள். கியா பார்ம் நிறுத்தம் தாண்டியதும் கண்ணாடிக்கு வெளியே பனி அடைத்துக்கொண்டது. யாரோ ஒரு திருடன் உள்ளே புகுந்து கிழவர் குரலில் பேசுகிறான் என்று நினைத்துப் பார்த்தாள். அப்படி இருந்துவிட்டால்கூட நல்லது என்று தோன்றியது.

லயத்துக்கு வந்தபோது மணி ஆறு. அவள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. வேலம்மா தன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, அண்ணன் இப்பத்தான் கெளம்பிப் போனாரு. கிராணி வீட்டுல சரின்னு சொல்லிட்டாங்களாம்லா. உங்களையும் வரச் சொன்னாரு."

"யாரு வந்து சொன்னா?"

"ஆள நான் பாக்கல. அண்ணன் பின்பக்கம் நின்னு ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தாரு." வேலம்மா தயங்கினாள். குரலைத் தாழ்த்தினாள். "தெனமும் ராத்திரி வந்து பேசுறாங்களே, அந்த ஆளுதான்க்கா. கொரல் அதே கொரலு. உங்க சொந்தக்காரருன்னு நெனச்சேன்."

நவமணி ஓடினாள்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்கு வழி. ஈர இலைகள் புடவையைப் பிடித்து இழுத்தன. வழுக்கி விழுந்தாள். எழுந்தாள். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை; அன்று கூப்பிட்டாள். பனிக்குள் போன குரல் திரும்பி வரவில்லை.

வீடு இருட்டாக இருந்தது. படியில் இராமையாவின் செருப்பு, ஜோடியாக. முன்கதவைத் தள்ளினாள். அசையவில்லை. பின்னால் ஓடினாள். பூட்டு இருந்தது. பாசியும் அப்படியே இருந்தது. யார் கையும் படவில்லை.

"நவமணி."

அவருடைய குரல். முன்பக்கத்திலிருந்து. அவள் திரும்பி ஓடினாள்.

முன் சன்னலில் திரை விலகியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இராமையா நின்றார். நேராக. கைகள் தொங்க. கண்கள் அவளைப் பார்த்தபடி.

"ஏங்க, வெளிய வாங்க. வீடு வேணாம். வாங்க போயிடலாம்."

"வீடு நமக்குத்தான் நவமணி. சொல்லிட்டாங்க. உள்ள வா."

தெளிவாகக் கேட்டது. அவருடைய குரலேதான். ஆனால் அவருடைய வாய் அசையவில்லை. உதடுகள் இறுக மூடியிருந்தன.

அவள் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். அவர் மூக்கு நுனி கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த இடம் சுத்தமாக இருந்தது. மூச்சு படியவில்லை.

அவர் தலைக்கு மேலே, யாரும் நிற்காத இடத்தில், கண்ணாடி வெள்ளையாகப் பூத்தது. மங்கியது. மறுபடி பூத்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கீழே, அவர் இடுப்புக்குப் பக்கத்தில், இன்னொன்று.

அந்த மூச்சுகள் அவள் உள்ளங்கையை நெருங்கி வந்தன. உள்ளே முன்கதவின் தாழ்ப்பாள் மெதுவாக விலகியது.