மேலாளர் ஒரு முழம் உயர்ந்த கதை

இதனால் சகல ஊழியர்களுக்கும், பார்சல் வாங்க வரிசையில் நிற்பவர்களுக்கும், வாசலில் சும்மா நிற்பவர்களுக்கும்கூட அறிவிக்கப்படுவது என்னவென்றால், நமது பார்சல் அலுவலகத்தின் மேலாளர் இன்று முதல் ஒரு முழம் உயர்ந்துவிட்டார்!

பதவியில் அல்ல. சம்பளத்தில் அல்ல. நாற்காலியில்.

தச்சரை வரவழைத்து, தன் மேசைக்கும் நாற்காலிக்கும் அடியில் ஒரு மரமேடை போட்டுக்கொண்டார். "மேல உட்கார்ந்து பார்த்தாதான் யார் வேலை செய்யறாங்க, யார் தூங்கறாங்கன்னு தெரியும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டச் சொன்னவரும் அவரேதான்.

அதே வாரம் முதல் கவுன்ட்டர் அம்மாவுக்குத் தொல்லை ஆரம்பித்தது.

அங்கே அவர் வேலை இதுதான். "என் பார்சல் எங்கே?" என்று யாராவது கேட்டால், கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, எங்கே இருக்கிறது, எப்போது வரும் என்று சொல்ல வேண்டும். இப்போதோ, தட்டினால் 'இணைப்பு இல்லை' என்று வந்தது. வரிசை நகரவில்லை. நின்றவர்கள் கத்தினார்கள். கம்ப்யூட்டரைப் பார்த்தா கத்துவார்கள்? அம்மாவைப் பார்த்துத்தான்.

இதையெல்லாம் சுவரோரப் பெஞ்சிலிருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு. பள்ளி விட்டதும் நேராக இங்கே வந்து, அம்மாவின் வேலை முடியும்வரை வீட்டுப்பாடம் எழுதுவாள். அநியாயம் என்று தோன்றினால் படபடவென்று வெடித்துவிடுவாள். அதனால் அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் பட்டாசு.

"ஏம்மா, வரிசை ஏன் நிக்குது?" மேடையிலிருந்து மேலாளர் குரல் கொடுத்தார்.

"நெட் வரல சார்."

"மத்த கவுன்ட்டருக்கெல்லாம் வருதே! உங்களுக்கு மட்டும் வராதா?"

மேலாளர் மேடையை விட்டு இறங்கினார். தொப்பையை முன்னே அனுப்பிவிட்டுப் பின்னால் நடந்துவந்தார். அவர் வந்து எட்டிப் பார்த்தபோது கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்தது.

"இதோ வருதே! என்னைப் பார்த்ததும் வருது பாருங்க. கம்ப்யூட்டருக்குக்கூட என்மேல மரியாதை இருக்கு. உங்களுக்குத்தான் இல்ல."

அம்மா வரிசையில் அடுத்தவரின் ரசீதை வாங்கினார். பட்டாசு பென்சிலை அழுத்தினாள். முனை உடைந்தது.

மேலாளர் மேடை ஏறி உட்கார்ந்தார். இணைப்பு போய்விட்டது. வரிசை மறுபடி கத்தியது.

தினமும் இதே கூத்துதான். கடைசியில், வெள்ளிக்கிழமை மாலை, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அண்ணன் வந்தார். மேலாளர் இறங்கிவந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே நின்றார். அண்ணன் கம்பியைப் பிடுங்கினார், ஊதினார், செருகினார். இரண்டு முனைகளையும் கருவி வைத்துச் சோதித்தார்.

"கம்பி நல்லாத்தான் இருக்கு சார். நெட் ஜம்முனு வருது."

"கேட்டீங்களாம்மா? கம்பி சரியா இருக்கு, கம்ப்யூட்டர் சரியா இருக்கு. அப்போ ஆளுதான் சரியில்ல. திங்கள்கிழமையிலிருந்து நீங்க ராத்திரி வேலைக்கு வாங்க. மூட்டை ஏத்தற பக்கம். அங்க கம்ப்யூட்டரே கிடையாது, உங்களுக்கு நிம்மதி."

"சார், வீட்டுல நானும் பொண்ணும் மட்டும்தான். ராத்திரி அவ தனியா..."

"அது உங்க வீட்டுக் கதைம்மா."

பட்டாசுக்குக் காது சூடானது. ராத்திரி தனியாக இருப்பது இருக்கட்டும், வேலை செய்யும் அம்மாவை வேலை செய்யாதவர் என்பதா? கத்த வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். கத்தினால் இந்த ஆள் காதில் ஏறாது. வேறு ஏதாவது செய்ய வேண்டும்.

பெஞ்சிலிருந்து பார்த்தால் அம்மாவின் கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகு தெரியும். கம்பி செருகிய இடத்தில் ஒரு குட்டிப் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, அந்த விளக்கு எதுக்கு?"

"அதுவா பாப்பா? அது எரிஞ்சா கம்பி ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம். அணைஞ்சா வழியில எங்கேயோ அறுந்திருக்குன்னு அர்த்தம்."

அண்ணன் பையை மூடினார். மேலாளர் வெற்றி வீரரைப் போல மேடை ஏறி, நாற்காலியில் பொத்தென்று அமர்ந்தார்.

விளக்கு அணைந்தது.

"அண்ணா! அணைஞ்சிடுச்சு!"

"அங்க என்ன சத்தம்?" மேலாளர் எழுந்து இறங்கி வந்தார்.

"எரியுதே பாப்பா" என்றார் அண்ணன்.

பட்டாசு விளக்கைப் பார்த்தாள். மேலாளரைப் பார்த்தாள். மேடையைப் பார்த்தாள். அடுத்த நொடி ஓடிப்போய் மேடை ஏறி, மேலாளரின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்!

அலுவலகமே மூச்சை அடக்கிக்கொண்டது.

"அம்மா, விளக்கு?"

"எரியுதும்மா. முதல்ல இறங்கு நீ!"

எழுந்து நின்று குதித்தாள். அப்போதும் எரிந்தது.

"நான் பத்தல. சார், நீங்க வாங்க."

"எதுக்குப் பத்தல?" மேலாளர் உறுமினார்.

"எடைக்கு."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பட்டாசு கீழே இறங்கி, மிகப் பணிவாகச் சொன்னாள்: "சார், ஒரே ஒரு தடவை உட்காருங்க. அணையலன்னா நானே எங்க அம்மாவைத் திட்டறேன்."

திட்டுவது என்றால் மேலாளருக்கு உயிர். உட்கார்ந்தார்.

"அணைஞ்சிடுச்சு!" என்றார் அண்ணன்.

"எழுந்திருங்க சார்."

"எரியுது!"

"உட்காருங்க."

"அணைஞ்சிடுச்சு!" இப்போது வரிசை முழுவதும் சேர்ந்து கத்தியது. பள்ளியில் வீட்டுப்பாடம் எழுதாதவர்களை உட்கார்ந்து எழச் சொல்வார்கள் அல்லவா, அதேபோல மேலாளர் உட்கார்ந்தார், எழுந்தார், வியர்த்தார்.

அண்ணனும் அம்மாவும் மேடையின் ஒரு பக்கத்தைத் தூக்கினார்கள். அடியில், மேடையின் காலுக்குக் கீழே, அம்மாவின் கம்பி நசுங்கிக் கிடந்தது. மற்ற கவுன்ட்டர்களின் கம்பிகள் எதிர்ச்சுவர் வழியாகப் போயின. அம்மாவின் கம்பி மட்டும் தரையோடு இந்தப் பக்கம் வந்தது. கனம் ஏறினால் உள்ளே இழை விட்டுப்போகும், கனம் இறங்கினால் சேர்ந்துகொள்ளும்.

பட்டாசு இப்போது வெடித்தாள்.

"அப்போ தினமும் நீங்களே எங்க அம்மா நெட்டைக் கட் பண்ணியிருக்கீங்க! அப்புறம் நீங்களே இறங்கி வந்து திட்டியிருக்கீங்க! திட்டி முடிச்சிட்டு மறுபடியும் போய் கட் பண்ணியிருக்கீங்க!"

"ஏய் சின்னப் பொண்ணு, பேச்சைக் குறை."

"ஏன் குறைக்கணும்?" வரிசையில் முதலில் நின்ற குடைக்காரர் குடையைத் தரையில் தட்டினார். "நானும் அந்த அம்மாவைத் திட்டிட்டேன். என்னை மன்னிச்சிடுங்கம்மா. நீங்களும் சொல்லுங்க சார்."

மேலாளர் தொண்டையைச் செருமினார். "சரி, சரி... ராத்திரி வேலை வேண்டாம்."

"அது மன்னிப்பு இல்ல" என்றாள் பட்டாசு.

மேலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றார், கொசு பேசினால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவு சத்தமாக.

"பரவாயில்ல சார். நகருங்க, வரிசை நிக்குது" என்றார் அம்மா.

அண்ணன் புதுக் கம்பியைச் சுவரோரமாக இழுத்தார். மேடையைக் கழற்றிப் பின்கட்டில் போட்டார்கள். கிளம்பும்போது அறிவிப்புப் பலகையில் ஒரு புதுத் தாள் தொங்கியது: 'நெட்வொர்க் கோளாறு மேலாளரின் நேரடி முயற்சியால் கண்டுபிடிக்கப்பட்டது.'

"அம்மா! பொய் எழுதியிருக்காரு!"

"இல்லடா கண்ணு, உண்மைதான். அவர் உட்காரலன்னா கண்டுபிடிச்சிருக்க முடியுமா?"

பட்டாசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கோபமும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு வீடுவரை நடந்தாள்.

திங்கள்கிழமை ராத்திரி அம்மா வீட்டில் இருந்தார். மேலாளரின் நாற்காலி தரையில் இருந்தது.