மடிக்காத இலை

ஹரிதா இன்னும் மவுஸைத் தொடவேயில்லை. லேப்டாப்பில் அப்போதுதான் திறந்த சாளரத்துக்குள் அம்புக்குறி தானாக ஒரு விரற்கடை நகர்ந்து நின்றது.

கண் அசதி என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது சுலபமாகவும் இருந்தது. சோமனூரிலிருந்து திருப்பூருக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய், பனியன் கம்பெனியில் நாளெல்லாம் மெயில்களுக்குப் பதில் எழுதி, நின்றுகொண்டே திரும்பி, மகள் இனியாவுக்குச் சோறூட்டி, பாத்திரம் கழுவிப் படுக்கிறவளுக்குக் கண் அசராமல் என்ன செய்யும்? கணவன் சென்னகேசவன் மாரடைப்பில் போய்ப் பத்து மாதம். இந்தப் பத்து மாதத்தில் அவள் முழுசாக அழுததும் இல்லை, முழுசாகத் தூங்கியதும் இல்லை.

"வந்துடுச்சுங்களாக்கா?" என்றான் ரோஹன், ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில். ஒரு காலத்தில் கேசவனிடம் வேலை பழகியவன். இப்போது பெங்களூரில் இருக்கிறான்.

"வந்துடுச்சுங்க தம்பி. நீலக் கலர்ல. ஓரத்துல அவரோட ஃபோல்டர் எல்லாம் தெரியுது."

"அப்பாடா! மூணு நாளா உங்க உசுரை வாங்கிப்போட்டேன். எங்கூட்டுக்காரிக்குக்கூட இத்தனை பொறுமை கிடையாதுங்க்கா."

அவள் சிரிக்க முயன்றாள். கேசவன் விட்டுப்போன சர்வர் மாடி அறையில் இருந்தது. மானிட்டர் இல்லை, கீபோர்டு இல்லை, மவுஸ் இல்லை. ஒரு கறுப்புப் பெட்டி, அதில் ஒரு பச்சை விளக்கு, அவ்வளவுதான். குடும்பத்தின் படங்களும் வீடியோக்களும் அதற்குள்தான் இருந்தன. உயிரோடு இருந்தவரைக்கும் அவன் ஹாலில் உட்கார்ந்தபடியே அதைத் திறந்து பார்ப்பான். எப்படியென்று இவள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டுக்கொள்ள நிறைய நாள் இருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

போன வாரம் இனியா பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "அப்பா எப்படிம்மா பேசுவாங்க? எனக்கு மறந்துபோச்சு."

ஆறு வயதுக் குழந்தை. வாயில் நுரையோடு, ஒரு பாட்டை மறந்துவிட்டதுபோல் சாதாரணமாகக் கேட்டாள். அன்று ராத்திரியே ஹரிதா ரோஹனைக் கூப்பிட்டுவிட்டாள்.

மாடிப் பெட்டியின் திரையை ஹால் லேப்டாப்பில் கொண்டுவர அவன் சொன்னதையெல்லாம் தட்டினாள். ஆனால் திரை மாட்டாத மெஷின் திரைக்கு எதையும் வரையாது, வெறும் கறுப்புதான் வரும் என்றான். அதற்காகக் கட்டைவிரல் அளவில் ஒரு டம்மி பிளக்கை கூரியரில் அனுப்பியிருந்தான். "மானிட்டர் சொருகற ஓட்டையில மாட்டிப்போடுங்க. முன்னால ஒரு மானிட்டர் இருக்குது, ஆளு உக்காந்து பார்க்கறாங்கன்னு அது நம்பிக்கும். சும்மா ஏமாத்து வேலைதானுங்க்கா."

நேற்று நண்பகலில் அதை மாட்டினாள். நேற்று ஆடி அமாவாசை. அதற்காக இரண்டு நாள் லீவு போட்டிருந்தாள். நாத்தனார் கனகம் காலையிலேயே போனில் பிடித்துக்கொண்டாள். "எந்தம்பி எந்நேரமும் கெடந்தது அந்த மாடி ரூமுலதான். அங்கயே இலை போடு அம்மணி. பேரைச் சொல்லிக் கூப்புட்டுப்போட்டுக் கதவைச் சாத்து, இல்லீன்னா வேற எதாச்சும் வந்து உக்காந்துக்கும். பத்து நிமிசங் கழிச்சுத் தொறந்து நீயே இலையை மடிச்சு எடுத்துரோணும். மடிச்சாத்தான் பந்தி முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

ஹரிதா இலை போட்டாள். சோறு, பருப்பு, வடை, முருங்கைக்காய்க் குழம்பு, பாயசம். சர்வரின் பின்னால் பிளக்கைச் சொருகினாள். பேர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்த நேரத்தில் கம்பெனியிலிருந்து போன். ஏதோ ஒரு சாயம் சரியில்லை, துணி வாங்குகிறவர்கள் கத்துகிறார்கள் என்று. காதில் போனோடு கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இறங்கியவள்தான். அந்தப் பேச்சு இரண்டு மணி நேரம் ஓடியது. அப்புறம் துணி, அப்புறம் பள்ளி வேன், அப்புறம் வீட்டுப்பாடம்.

பேரைச் சொல்லவில்லை. கதவையும் திறக்கவில்லை.

இப்போதுதான் நினைவு வந்தது. ஒரு நாள் முழுக்க மூடிக்கிடந்த சோறு புளித்து நாறியிருக்குமே என்று படிக்கட்டுப் பக்கம் மூக்கைத் திருப்பினாள். எந்த வாடையும் இல்லை. தண்ணீர் தெளித்த வாழையிலையின் பச்சை வாசம் மட்டும் மெல்ல இறங்கி வந்தது, இப்போதுதான் நறுக்கியதுபோல.

"அக்கா, அந்த டக்டக் சத்தம் இன்னும் வருதுங்களா?"

வந்தது. நேற்று ராத்திரியிலிருந்து வருகிறது. மேலேயிருந்து, சீராக, விட்டுவிட்டு. ஹார்ட் டிஸ்க் உயிரை விடப்போகிறது, கிட்டே போய் ஆட்டக்கூடாது, கீழேயிருந்தே எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிட வேண்டும் என்று ரோஹன் சொல்லியிருந்தான். இன்று அந்தச் சத்தம் பக்கத்தில் கேட்பதுபோல் இருந்தது. காரணம், ஊர் அடங்கிக் கிடந்தது. மாதாந்திர மின்தடை, ஒன்பதிலிருந்து நாலு மணி வரை. சோமனூரில் கரண்ட் போனால் முதலில் தெரிவது காதுக்குத்தான். ராத்திரி பகலாக ஓடுகிற தறிகள் அத்தனையும் நின்று, தெருவில் யாரோ தொண்டையைச் செருமுவதுகூட வீட்டுக்குள் வந்து விழும். இன்வெர்ட்டர் தயவில் ஹால் ஃபேனும், மோடமும், மாடிப் பெட்டியும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

அம்புக்குறி மறுபடி நகர்ந்தது. இந்த முறை நிற்கவில்லை. திரை ஓரமாகத் தடவிக்கொண்டே போனது. இருட்டு அறையில் சுவரைத் தடவிப் போகிற கைபோல.

"தம்பி, நீங்க எதாச்சும் பண்றீங்களா?"

"நான் எங்கீங்க்கா? உங்க லேப்டாப்ல மட்டுந்தான் வழி வெச்சிருக்குது."

"மவுஸ் அதுபாட்டுக்கு நகருதுங்க."

"ஒண்ணு தட்டிப் பாருங்க்கா. உள்ள யார் யார் இருக்காங்கன்னு காட்டும்."

அவன் சொன்னதைத் தட்டினாள். இரண்டு வரிகள் வந்தன. முதல் வரி, அவள். இரண்டாவது வரி, கேசவனின் பெயரில் நுழைந்த யாரோ. எங்கிருந்து என்ற இடத்தில் எந்த எண்ணும் இல்லை. அதைப் படித்துக் காட்டினாள்.

"அப்படீன்னா மெஷின் முன்னாலயே உக்காந்திருக்கறதா அர்த்தம். கீபோர்டு எதாச்சும் மாட்டியிருக்குதுங்களா?"

"ஒண்ணுமே இல்லீங்களே."

"பிளக்கைப் பார்த்து அதுவே உள்ள போயிருக்குமுங்க்கா. சில மெஷின் அப்படித்தான், வீட்டுக்காரர் மாதிரி கேக்காம உள்ள போயிரும்." சிரித்தான். சிரிப்பு நிற்கவில்லை, தேய்ந்தது. "எதுக்கும் பாஸ்வேர்டு பதிவைத் தொறந்து போட்டோ எடுத்து அனுப்புங்க."

திறந்து போட்டோ எடுத்து அனுப்பினாள். பதிவு கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. தவறு. தவறு. தவறு. முதல் தவறு நேற்றுப் பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு. அவள் தாழ்ப்பாள் போட்ட நேரம். அதிலிருந்து நாலு மணி நேரமாக, அலுக்காமல், நூற்றுக்கணக்கான தவறுகள். கடைசியாக நாலு ஐம்பத்திரண்டுக்கு ஒரே ஒரு 'சரி'.

நாலு ஐம்பத்திரண்டு. இனியா வேனிலிருந்து இறங்கியதும் ஷூவைக் கழற்றாமல் ஓடினாள். ஹரிதா மாடிப்படிக்குக் கீழே நின்றுதான் கத்தினாள். 'இனியா! ஏய், இனியா!'

கேசவனின் பாஸ்வேர்டு அதுதான். மகளின் பெயர். முன்னும் பின்னும் எதுவும் இல்லை.

மேலே இருப்பது கேசவனாக இருந்தால் ஒரே தடவையில் திறந்திருப்பான்.

போனில் ரோஹனும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அவன் குரல் இறங்கிவிட்டது. "அக்கா. பாப்பா எத்தனை மணிக்கு வரும்?"

"இன்னைக்கு ஒரு மணி நேரம் முன்னாலயே. நாலுக்குள்ள."

"வெளிய வந்து நின்னுக்குங்க. நான் ஆரையாச்சும்..." அழைப்பு அறுந்தது. மறுபடி போட்டாள். போகவில்லை.

எழுந்திருக்கத்தான் நினைத்தாள். ஆனால் அம்புக்குறி ஒரு வீடியோவின் மேல் போய் நின்றிருந்தது. இனியாவின் முதல் பிறந்தநாள். அது திறந்தது.

ஹால். இதே ஹால். இதே ஊஞ்சல். கேசவன் குழந்தையை மடியில் வைத்துப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். பத்து மாதமாக அவள் தேடிய குரல் லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரிலிருந்து வந்தது. "இன்னும் ஒரே ஒரு வாய், கண்ணு. அப்பா சொன்னாக் கேக்கோணும். ஒரே ஒரு வாய்."

ஹரிதாவின் கண் நிறைந்து வழிந்தது. பயத்துக்கு நடுவிலும் அந்தக் குரல் தலையைத் தடவிக்கொடுத்தது. இது போதும். இதை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டால் போதும். அந்த வீடியோவை லேப்டாப்புக்குக் காப்பி எடுத்தாள்.

வீடியோ முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஓடியது. அவன் வாய் அசைந்தது. குரல் இல்லை. ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிடுவதும், ஃபேன் சுற்றுவதும், குழந்தை சிணுங்குவதும் கேட்டன. அவன் குரல் மட்டும் இல்லை.

மூன்றாம் முறை ஓடியது. ஊஞ்சல் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அதன்மேல், அந்தரத்தில், ஒரு வயதுக் குழந்தை வெறுமையைப் பார்த்து வாயைத் திறந்தது.

அந்த வீடியோ மறைந்தது. அவள் காப்பி எடுத்ததைத் திறந்து பார்த்தாள். காலி.

மேலே டக், டக், டக்.

அடுத்தது திறந்தது. கோயில் வாசல். மூன்று முறை. மறைந்தது. அடுத்தது. ஹரிதா மவுஸைப் பிடித்து இழுத்தாள். அம்புக்குறி கொஞ்சம் வந்தது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ இழுத்தது. கயிறிழுப்பதுபோல, சிரமமே இல்லாமல்.

"விடு," என்றாள். "அது என் பிள்ளைக்கு. விட்டுரு."

இன்வெர்ட்டர் பீப் என்று கத்தியது. இரண்டு முறை. மூன்றாவது நீளமாக. ஃபேன் தளர்ந்து, சுற்றி, நின்றது. மோடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

நல்லது. கரண்ட் இல்லை. பெட்டி செத்திருக்கும். எல்லாம் செத்திருக்கும்.

சாளரம் மூடவில்லை. வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. மேலே சத்தமும் நிற்கவில்லை. டக். டக். டக். கரண்ட் இல்லாமல். டிஸ்க் இல்லாமல். ஈரமாக.

பல்.

மென்றுகொண்டிருந்தது.

ஃபோல்டரில் ஒரே ஒரு வீடியோ மீதி. அதை மூன்று முறை ஓட்டி முடித்ததும் நீலத் திரை வெறுமையாகக் கிடந்தது. அம்புக்குறி நடுவில் வந்து நின்றது. சத்தமும் நின்றது.

வாசலில் வேன் ஹார்ன். கதவு சரிந்து திறக்கிற ஓசை. சின்னக் காலடிகள்.

ஹரிதா எழுந்தாள். கேட்டுக்கு ஓட வேண்டும். பிள்ளையை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓட வேண்டும். வாசற்படியை எட்டுவதற்குள் இனியா உள்ளே வந்துவிட்டாள். தோளில் பை. நெற்றியில் வேர்வை.

"அம்மா, பசிக்குது..."

மாடியிலிருந்து கேட்டது.

"இன்னும் ஒரே ஒரு வாய், கண்ணு."

அதே குரல். அந்தக் கரகரப்பு. 'கண்ணு'வில் அந்த இழுப்பு. ஒரு துளி மாற்றமில்லை.

இனியாவின் முகம் மலர்ந்தது. பத்து மாதத்தில் அப்படி மலர்ந்ததே இல்லை. "அம்மா! இப்பத் தெரிஞ்சுது! அப்பா இப்படித்தான் பேசுவாங்க!"

பையைப் போட்டுவிட்டு ஓடினாள். ஹரிதா பாய்ந்து, பாதிப் படியில் அவள் கையைப் பிடித்தாள். வேர்த்த சின்னக் கை.

"அப்பா சொன்னாக் கேக்கோணும்," என்றது குரல். "இனியா."

மணி நாலு. கரண்ட் வந்தது. ஊரிலிருந்த தறிகள் ஒவ்வொரு சந்திலும் உயிர்த்து இரைந்தன. ஹரிதா கத்தினாள். அவள் காதுக்கே கேட்கவில்லை.

சாத்திய கதவின் அடியில் பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்தது. இலையின் நுனி. மெல்ல நகர்ந்து வெளியே வந்தது, உள்ளேயிருந்து யாரோ இரண்டு கையாலும் பதமாகத் தள்ளுவதுபோல. சோற்றுப் பருக்கை இல்லை. முருங்கைச் சக்கை இல்லை. நக்கித் துடைத்ததுபோல் பளபளத்தது. முழுசாக வெளியே வந்து, மேல்படியில், விரித்தபடியே நின்றது.

மடித்திருக்கவில்லை.

ஹரிதாவின் பிடியிலிருந்து அந்தச் சின்னக் கை, வேர்வையில், விரல் விரலாக வழுக்கிக்கொண்டிருந்தது.