கும்பிட்ட கை

காலை ஏழு மணிக்குத் தாமோதரன் கட்சி ஆபீஸ் நாற்காலியில் செத்துக் கிடந்தார். தலை பின்னால் சாய்ந்து, வாய் பிளந்து, கண் இரண்டும் கூரையைப் பார்த்தபடி. மறுநாள் சட்டசபைத் தேர்தலுக்கு மனு போட வேண்டிய மனிதர். மாலை போட ஆள் சேர்த்தாகிவிட்டது, பட்டாசு வாங்கியாகிவிட்டது. மாலை மட்டும் ஒரு நாள் முன்னால் வந்துவிட்டது.

வெள்ளைச் சட்டையின் நெஞ்செல்லாம் சிவப்பு. ரத்தம் என்று அலறிக்கொண்டு வாட்ச்மேன் முனிசாமி ஸ்டேஷனுக்கு ஓடி வந்திருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் ரெபேக்கா குனிந்து முகர்ந்து பார்த்தாள். வெற்றிலைச் சாறு.

போலீசுக்கு முன்னாலேயே மனைவி, வார்டு கவுன்சிலர் கிருஷ்ணம்மா வந்துவிட்டாள். வீடு அடுத்த தெருதான். மஞ்சள் பூசிய முகம், பெரிய குங்குமப் பொட்டு, தலையில் மல்லி, இரண்டு கையிலும் பச்சைக் கண்ணாடி வளையல். பிணத்தின் மேல் விழுந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அடிக்கு ஒருமுறை வளையல் சலசலத்தது. அவளைப் பிடித்து இழுத்துத் தள்ளி உட்கார வைக்க ரெபேக்காவுக்கு மூச்சு வாங்கியது. இழுத்த இழுப்பில் வளையல் விளிம்பு அவள் விரலைக் கீறிவிட்டது. நாள்பட்ட வளையல் கீறாது. இது கடையிலிருந்து வந்த சூடு ஆறாதது.

"டீ யார் குடுத்தது?" என்று முனிசாமியிடம் கேட்டாள்.

"சம்பங்கி அக்கா, மேடம். தெனமும் பிளாஸ்க்ல அதுதான் கொண்டாரும். தலைவருக்கு ஒண்ணு, எனுக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணு."

"நீங்களும் குடிச்சீங்களா?"

"குடிச்சேன். இதோ நின்னுகினு கீறேனே."

"அப்புறம்?"

"அக்கா டம்ளர் கழுவி வெச்சிட்டுப் போயிடுச்சி. தலைவரு வெத்தில போட்டுகினாரு. நான் வெளிய கொடி கட்டப் போனேன். திரும்பி வந்தா இப்டி."

ரெபேக்கா மேசையைத் தேடினாள். சட்டைப் பையைத் தேடினாள். நாற்காலிக்கு அடியில் குனிந்தாள். தாமோதரன் கையில் பித்தளை வெற்றிலைப் பெட்டி இல்லாமல் ஊரில் ஒருத்தரும் அவரைப் பார்த்ததில்லை. அந்தப் பெட்டி அங்கே இல்லை.

செத்தவரின் தம்பி மனோகர் வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தான். அழுத கண் இல்லை. ஆனால் குரலை அழுகைக்கு ஏற்ற மாதிரி இறக்கி வைத்திருந்தான்.

"சம்பங்கிதான் மேடம். வேற யாரும் இல்ல. நேத்து சாயந்திரம் கூட்டத்துல ஊரே கேட்டுச்சு."

"இன்னா கேட்டுச்சு?"

"மகளிர் அணிக்கு இந்தத் தடவை சீட்டு வேணும்னு சண்டை போட்டா. அண்ணன் சும்மா தமாசுக்குச் சொன்னாரு. 'எந்தக் கட்சியிலடீ பொம்பளைக்குச் சும்மா சீட்டு குடுத்தான்? புருசன் சாவணும். செத்தா அடுத்த நாளே சீட்டு'ன்னு. எல்லாரும் சிரிச்சோம். எங்க அண்ணிகூட மேடையில உக்காந்து சிரிச்சாங்க. இவ மட்டும் எழுந்து, 'அப்போ நீ சாவு'ன்னா."

காலை ஒன்பது மணிக்குச் சம்பங்கி ஸ்டேஷனில் நின்றாள். இருபது வருடமாகக் கொடி பிடித்தவள். தலைவர்கள் பெங்களூரிலிருந்து வந்தால் சுரங்கத் தொழிலாளர் வீடுகளில் லைன் லைனாக நடந்து பெண்களைத் திரட்டி, வேனில் ஏற்றி, வெயிலில் உட்கார வைத்து, பிரியாணிப் பொட்டலம் போதாதபோது திட்டு வாங்குகிறவள். மேடையில் அவளுக்கு ஒரு நாள்கூட நாற்காலி போட்டதில்லை. கீழே தரையில் முதல் வரிசை. அவ்வளவுதான் மரியாதை.

இன்ஸ்பெக்டர் ராஜப்பா கேள்விக்கு முன்னால் அறைந்தார். அவருக்கு அதுதான் வணக்கம்.

"டம்ளர் ஏன் கழுவினே?"

"தெனமும் நான்தான் சார் கழுவுறேன். அந்த ஆபீஸ்ல ஆம்பளைங்க எவனாச்சும் டம்ளர் கழுவி நீங்க பாத்துகிறீங்களா?"

இரண்டாவது அறை. உதடு கிழிந்தது. சம்பங்கி முந்தானையால் ஒற்றிக்கொண்டு ரெபேக்காவைப் பார்த்தாள்.

"நீயும் லைன் வீட்டுப் பொண்ணுதானம்மா. நான் சாவுன்னு சொன்னது நெஜம். டீயில ஒண்ணும் போடல. போட்டிருந்தா நான் ஏன் அதே பிளாஸ்க்குல குடிக்கிறேன்?"

ராஜப்பா ரெபேக்காவை அறைக்கு வெளியே கூப்பிட்டார். "நோடம்மா, இங்க பாரு, மேலேருந்து போன் மேல போன். நாளைக்கு மனு போடறதுக்குள்ள கேஸ் முடியணும். டீ குடுத்தா, சாவுன்னு சொன்னா, டம்ளர் கழுவினா. இன்னும் என்ன? சாயந்திரம் கோர்ட்டுக்கு அனுப்பறேன்."

"டீ சுத்தமா இருந்தா சார்?"

"நீ போய் சாவு வீட்ல பொம்பளைக் கும்பலைப் பாத்துக்கோ. அதுக்குத்தான் லேடி எஸ்.ஐ."

பகல் பன்னிரண்டு மணி. கடைத்தெரு முனையில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. பிணம் ஆஸ்பத்திரியில் அறுபட்டுக்கொண்டிருக்கும்போதே. மேலே மாலையோடு தாமோதரன், கண்ணீர் அஞ்சலி. கீழே அதைவிடப் பெரிதாகக் கிருஷ்ணம்மா, தலை குனிந்து, வெள்ளைச் சேலையில், இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டபடி. நெற்றியில் பொட்டில்லை. மேனியில் குந்துமணித் தங்கமில்லை. 'அண்ணன் விட்ட பணி தொடர அண்ணிக்கு வாக்களிப்பீர்.' பெங்களூரில் பதினொரு மணிக்கே சீட்டை அறிவித்துவிட்டார்களாம். பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் அண்ணாந்து பார்த்து உச்சுக் கொட்டினார்கள்.

"மூஞ்சியப் பாரு. பாவம், பச்ச மண்ணு."

ரெபேக்காவும் பார்த்தாள். ஏதோ உறுத்தியது. இன்னதென்று பிடிபடவில்லை. ஃப்ளெக்ஸ் போட்ட உதயின் கடைக்கு நடந்தாள்.

"இந்தப் படம் எங்கேருந்து வந்துச்சி?"

"மனோகர் அண்ணன் போன்லேருந்து மேடம். காலையில எட்டு மணிக்கே."

"பொட்ட நீ அழிச்சியா?"

"இல்ல மேடம், வரும்போதே இல்ல. நான் ஒரு கோடுகூடத் தொடல. மெஷின்ல ஏத்தவே நேரமில்ல, அதுல அழிக்கிறது வேறயா? கேட்டதுக்கு, சர்ச் ஓட்டுக்காக முன்னாடியே எடுத்த படம்னு சொன்னாரு. சாம்பியன் ரீஃப் பக்கம் கிறிஸ்தவங்க ஜாஸ்தி, அங்க ஒட்டுறதுக்குப் பொட்டில்லாம, வெள்ளச் சேலையில ஒரு போஸ்டராம்."

நம்பக்கூடிய பேச்சுத்தான். ஓட்டுக்காகக் குல்லா போடுகிறான், குருத்தோலை பிடிக்கிறான். பொட்டை எடுத்தால் என்ன குறைந்துவிடும்? ரெபேக்காவும் சர்ச்சுக்காரிதான். அவள் நெற்றியிலும் பொட்டில்லை.

திரும்பும் வழியில் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் பேசினார். "சயனைடு மாதிரிதான் தெரியுது. லேப் சொல்லட்டும். வாயில, கன்னத்துல எல்லாம் வெந்திருக்கு. அடக்கின வெத்தில அப்படியே இருக்கு."

தங்கச் சுரங்கம் கழித்துப் போட்ட சயனைடு மண்ணை மலை மலையாகக் கொட்டிவைத்த ஊர். அந்தச் சொல்லைக் கேட்டு இங்கே யாரும் திடுக்கிடுவதில்லை. வேண்டுமென்று தேடினால் பொட்டலமாகவே தருகிற ஆளும் உண்டு.

மதியம் மூன்று மணிக்குப் பிணம் வீட்டுக்கு வந்தது. தெரு முழுக்கச் சாமியானா. தப்பட்டை அதிர்ந்தது. கிருஷ்ணம்மாவைப் பிணத்தின் பக்கத்தில் உட்கார வைத்து, உறவுக்காரப் பெண்கள் வரிசையாக வந்து பூ வைத்தார்கள், குங்குமம் இட்டார்கள், இருக்கிற வளையலோடு இன்னும் இரண்டு வளையல் மாட்டினார்கள். கடைசியாக ஒருமுறை சீவிச் சிங்காரித்துப் பார்க்கும் அன்பு. பதினாறாம் நாள் விடியலில் இதே பெண்கள்தான் பூவைப் பிய்த்து, பொட்டை அழித்து, வளையலைக் கல்லில் வைத்து நொறுக்குவார்கள். அதுவரை அவள் சுமங்கலிக் கோலம்தான். ஊர் முறை அது.

ஒரு கிழவி வளையல் மாட்டியபோது கிருஷ்ணம்மா முகம் சுளித்துக் கையை இழுத்துக்கொண்டாள். கட்டைவிரல் அடியில் தோல் உரிந்து பொருக்குத் தட்டியிருந்தது.

ரெபேக்காவின் கண் அந்தக் கையை விட்டுப் பிணத்தின் தலைமாட்டுக்குப் போனது. செத்தவர் ஆசைப்பட்ட பொருள்களை வைத்திருந்தார்கள். மூக்குக் கண்ணாடி. கட்சித் துண்டு. பித்தளை வெற்றிலைப் பெட்டி.

பெட்டி பளபளவென்று தங்கமாக மின்னியது.

அவள் கிருஷ்ணம்மாவின் பக்கத்தில் குந்தினாள். தப்பட்டைச் சத்தத்தில் அவர்கள் பேசுவது இரண்டு பேருக்கு மட்டும் கேட்டது.

"இந்தப் பெட்டி எப்படிக்கா இங்க வந்துச்சி? காலையில ஆபீஸ்ல தேடினேன், இல்ல."

"அவரு மேல விழுந்தப்ப எடுத்து இடுப்புல சொருகிகினேன். அவரு உயிரு அது."

"சரி. யாரு தேச்சாங்க?"

கிருஷ்ணம்மா முந்தானையை இழுத்துக் கைமேல் போட்டுக்கொண்டாள்.

"சாவு விழுந்த வீட்ல அடுப்பு எரியாது. எச்சி டம்ளரைக்கூடக் கழுவ மாட்டீங்க. பொணம் போற வரைக்கும் வெளக்குற வேலையே கெடையாது. அப்படி இருக்கச்சே இருபது வருசக் கறைய இன்னிக்குப் புளி போட்டுத் தேச்சது யாரு?"

"யாரோ சொந்தக்காரங்க…"

"அத விடுங்க. கைய நீட்டுங்க."

"எதுக்கு?"

"நீட்டுங்கக்கா."

நீட்டினாள். புது வளையல், பச்சை. பொருக்கு, ஊரே பார்க்க.

"ஊரெல்லாம் உங்க நெத்தியப் பாத்துது. நானும் மொதல்ல அதத்தான் பாத்தேன். பொட்டில்லாததுக்குச் சர்ச் ஓட்டுன்னு ஒரு காரணம் வெச்சிருந்தீங்க. நல்ல காரணம்தான். ஆனா கும்பிட்டா மணிக்கட்டு தெரியும்கா. ஃப்ளெக்ஸ்ல உங்க ரெண்டு கையும் மொட்டை."

கிருஷ்ணம்மாவின் கை மெல்லத் தாழ்ந்தது.

"எங்களுக்குப் பொட்டு கெடையாது, சரி. வளையல் உண்டு. எங்க அம்மா வளையல் கழட்டினது ஒரே ஒரு நாள், எங்க அப்பாவ அடக்கம் பண்ண அன்னிக்கு. புருசன் இருக்கறவ எந்தச் சாமிய கும்பிட்டாலும் கைய மொட்டையா வெச்சிக்க மாட்டா. காலையில ஏழு மணிக்கு ஆபீஸ்ல பாத்தப்பவும் கை நெறைய வளையல், இப்பவும் கை நெறைய வளையல்; எட்டு மணிக்கே படம் கடைக்குப் போயாச்சு. ஒடைக்கிறதுக்கு இன்னும் பதினாறு நாள் இருக்குது. அப்ப அந்த மொட்டைக் கைய எப்ப படம் புடிச்சீங்க?"

தப்பட்டை ஒரு நிமிடம் ஓய்ந்தது. மறுபடி தொடங்கியது.

"சோப்பு போட்டு உருவினீங்க. கண்ணாடி வளையல் லேசுல வராது, தோலோடதான் வரும். பழசு திரும்ப ஏறல, புதுசு வாங்கிப் போட்டுகினீங்க. படம் உங்க போன்லதான் இருக்கும், தேதியோட. வெஷத்த சுண்ணாம்புலதான் கலந்தீங்க; பெட்டியோட கீல் இடுக்குல அந்தச் சுண்ணாம்பு இன்னும் ஒட்டிகினு இருக்குது. புளி அங்க போவாது."

கிருஷ்ணம்மா பிணத்தின் முகத்தைப் பார்த்தாள். ஈ ஒன்று உட்கார்ந்திருந்தது. விரட்டவில்லை.

"போன வாரமே இதே தமாச வீட்ல சொன்னான். சீட்டு எனுக்குக் குடுன்னு கேட்டேன். கவுன்சிலர் நான்தானே? பன்னெண்டு வருசமா பேரு என்னுது, நாற்காலி அவனுது. ஒரே ஒரு தடவ கவுன்சில் கூட்டத்துல எழுந்து தண்ணி பத்திப் பேசினேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பால அடிச்சான், அந்த வாயிலயே. சீட்டு கேட்டதுக்குச் சிரிச்சான். நான் செத்தா கேளுடீன்னான்."

"கேட்டீங்க."

"கேட்டேன். குடுத்தாங்களே! பதினோரு மணிக்கே குடுத்தாங்க." அவள் குரலில் அப்போதும் ஒரு பெருமை இருந்தது. "ஒரு மணி நேரம் தாமசம் பண்ணியிருந்தா மனோகர் தட்டிகினு போயிருப்பான். அதான் படத்த ரெடியா வெச்சிருந்தேன். 'பேரு என்னுது, நாற்காலி உன்னுது'ன்னதும் அவனே கடைக்கு அனுப்பிட்டான்."

"சம்பங்கி உதடு கிழிஞ்சி ஸ்டேஷன்ல நிக்கிறா."

"நிக்கட்டும்," என்றாள் கிருஷ்ணம்மா. "அவளும் என் சீட்டத்தானே கேட்டா?"

ரெபேக்கா பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றினாள். பிணத்தின் பக்கத்திலிருந்து கிருஷ்ணம்மாவை எழுப்பி நடத்தியபோது சில பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். யார் மேல் என்று தெரியாமலேயே.

சாயந்திரம் ஐந்து மணிக்குச் சம்பங்கியை விட்டார்கள். ராஜப்பா மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னார். அவள் தொடவில்லை.

"இப்ப சீட்டு யாருக்கு மேடம்?" ஸ்டேஷன் படியில் நின்று கேட்டாள். வீங்கிய உதட்டில் சொற்கள் வழுக்கின. கண்ணில் மட்டும் ஒரு வெளிச்சம். "எனுக்கும் மனு போட நாளைக்கு மூணு மணி வரைக்கும் டைம் கீது இல்ல?"

ரெபேக்கா வாய் திறப்பதற்குள் சம்பங்கியின் போன் அடித்தது. கேட்டாள். "ம்" என்றாள். "சரிங்கண்ணா" என்றாள். வைத்தாள்.

"யாரு?"

"மனோகரு. சீட்டு அவருக்காம். காலையில ஊர்வலத்துக்கு ரெண்டு வேன் பொம்பளைங்க வேணுமாம். எல்லாரும் பூ வெச்சிகினு வரணுமாம்."

"போவியாக்கா?"

சம்பங்கி லைன் பக்கம் நடந்தாள். கொஞ்ச தூரம் போய் முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கடைத்தெரு முனையில் உதயின் ஆட்கள் ஏணி போட்டுப் பழைய ஃப்ளெக்ஸைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணம்மாவின் முகம் முதலில் போனது, கூப்பிய கை கடைசியாக. அதே இடத்தில் மனோகர் ஏறினான், இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டபடி. ரெபேக்கா நின்று அந்தக் கையைப் பார்த்தாள். வெறும் மணிக்கட்டு. அதில் எதைக் காணோம் என்று இந்த ஊரில் ஒருத்தரும் கேட்கப் போவதில்லை.