சிவப்புத் தொப்பி அண்ணன் வந்த நாள்

அன்று மாலை பட்டாசுக்குக் கால் தரையில் பாவவே இல்லை.

பட்டாசு என்பது அவளுடைய உண்மையான பெயர் அல்ல. சந்தோஷம் வந்தால் படபடவென்று வெடித்துவிடுவாள். அதனால் தெருவே அவளுக்கு வைத்த பெயர் அது. இன்றைக்கு வெடிக்காமல் எப்படி இருப்பாள்? சிவப்புத் தொப்பி அண்ணன் வரப்போகிறாரே!

"அம்மா! நம்ம தெரும்மா! நம்ம தெருவுக்கேதான் வர்றார்! வீடியோவில இப்பதான் சொன்னார்!"

"சரிடி, குதிக்கிற குதியில மெஷினே ஆடுது. தையல் கோணலாப் போகுது பார்," என்றாள் அம்மா.

ஆபத்தில் மாட்டிக்கொண்ட விலங்குகளைக் காப்பாற்றி வீடியோ போடுகிறவர் அந்த அண்ணன். பட்டாசு அவருடைய பரம ரசிகை. அவளுக்கென்று தனிக் கணக்கு கிடையாது. அம்மாவின் தையல் கடைக் கணக்கில்தான் மாலையில் கொஞ்ச நேரம் பார்க்கலாம். அதிலிருந்தே அண்ணனைப் பின்தொடர்ந்தாள். ஒரு வீடியோ விடாமல் லைக் போட்டாள். 'சூப்பர் அண்ணா! நீங்கதான் என் ஹீரோ!' என்று கமெண்டும் எழுதித் தள்ளினாள்.

எல்லாம் தையல் கடையின் பெயரில் போய்ச் சேர்ந்தன!

"என்னக்கா, உங்களுக்கு ஹீரோ எல்லாம் இருக்காரு போல?" என்று துணி வாங்க வந்தவர்கள் அம்மாவைக் கேலி செய்தார்கள். ஆனால், அவர்களும் அவரைப் பின்தொடரத் தொடங்கினார்கள்.

"நீங்களே பாக்கறீங்கன்னா நல்லவராத்தான் இருப்பார்," என்றாள் பக்கத்து மருந்துக்கடை அத்தை. அதைக் கேட்ட பட்டாசுக்குப் பெருமை பிடிபடவில்லை.

தெருமுனையில் கார் வந்து நின்றது. அண்ணனிடம் கையெழுத்து வாங்க ஒரு வெள்ளைத் துணித்துண்டை எடுத்துக்கொண்டு பட்டாசு ஓடினாள். பிள்ளைகள் எல்லாரும் அங்கே கூடி நின்றார்கள். பக்கத்துச் சந்தின் வாயை மறித்து ஒரு கயிறு கட்டியிருந்தது. 'படம் எடுத்து முடித்ததும் கூப்பிடுகிறோம்' என்று சொல்லிவிட்டார்களாம்.

அவ்வளவு நேரம் யார் காத்திருப்பது? பட்டாசு தையல் கடைக்கே திரும்பி ஓடி, பின்வாசல் வழியாகச் சந்துக்குள் நுழைந்தாள். அதோ, அண்ணன்! அதே சிவப்புத் தொப்பி! கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

அப்போது கேமராக்காரர் ஒரு கூடையைத் திறந்தார். உள்ளே சாம்பல் நிறப் பூனைக்குட்டி ஒன்று இருந்தது. அண்ணன் அதன் மேல் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொட்டினார்.

"நனைஞ்சிருந்தாத்தான் பாவமாத் தெரியும்," என்று சொல்லி, அதை மழைநீர்க் குழாய்க்குள் திணித்தார்.

பட்டாசின் வாய் திறந்தபடியே நின்றது.

கேமரா ஓடத் தொடங்கியதும் அண்ணனின் குரல் தழுதழுத்தது. "ஐயோ, யார் பெத்த பிள்ளையோ! பயப்படாதே செல்லம், நான் வந்துட்டேன்!" என்று குட்டியை வெளியே இழுத்தார்.

"தொப்பி முகத்தை மறைச்சிடுச்சு. இன்னொரு தடவை எடுத்துடலாம்," என்றார் கேமராக்காரர்.

குட்டி வாயைத் திறந்தது. சத்தமே வரவில்லை. அதன் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. இன்னொரு தடவையா? தாங்குமா அது?

ஒரே ஓட்டமாக முன்னால் போய் நின்றாள் பட்டாசு.

"அண்ணா, நான் உங்க ரசிகை! அதைக் கொஞ்சம் தூக்கிக்கட்டுமா?"

"அட, ரசிகையா! இந்தா, பிடி." அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

பட்டாசு வெள்ளைத் துணியில் குட்டியைப் பொதிந்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது.

"சரி, குடும்மா. திரும்ப எடுக்கணும்."

"மாட்டேன்."

அண்ணன் திகைத்தார். உடனே குரலில் தேன் ஒழுகியது. "நீயும் வீடியோவில வர்றியா? குழாய்க்குள்ள கைவிட்டு நீயே எடு. ஊரே உன்னைப் பாக்கும்!"

அடேயப்பா! இதற்காக எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறாள்! ஒரு கணம் மனசு ஊசலாடியது. துணிக்குள் குட்டி தும்மியது.

"அப்படின்னா, கூடையிலேர்ந்து எடுத்ததையும் தண்ணி ஊத்தினதையும் போடுவீங்களா?" என்று கேட்டாள். கேட்டாளா, வெடித்தாள்! கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளைகள் அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது.

"தண்ணி ஊத்தினாரா?" "கூடையா?" என்று கூச்சல் கிளம்பியது. பிள்ளைகள் கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடிவந்தார்கள். காலிக் கூடையும் பாட்டிலும் கீழே கிடந்தன. அண்ணன் திருதிருவென்று விழித்தார். பிறகு கார் கிளம்பிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

பட்டாசு குட்டியோடு கடைக்குள் ஓடினாள். விஷயத்தைக் கேட்ட அம்மா செல்போனில் தேடினாள். விலங்கு மருத்துவர் ஒருவரின் வீடியோ கிடைத்தது. பாட்டு இல்லை, அலங்காரம் இல்லை. ஒரு பூனையை எப்படித் துடைப்பது, எப்படிச் சூடு கொடுப்பது என்று அந்த டாக்டரம்மா நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். அவர் சொன்னபடியே செய்தார்கள். குட்டியின் நடுக்கம் மெல்ல அடங்கியது. அம்மா வாங்கிவந்து கிண்ணத்தில் வைத்த பூனை உணவை நக்கித் தின்றது.

"அம்மா, போனைக் குடு," என்றாள் பட்டாசு.

சிவப்புத் தொப்பியைப் பின்தொடர்வதை நிறுத்தினாள். கையோடு, தையல் கடையின் பக்கத்தில் எழுதினாள்: 'காப்பாற்றுவதுபோல் படம் எடுக்க, பூனைக்குட்டியை நனைத்துக் குழாய்க்குள் வைத்ததே சிவப்புத் தொப்பி அண்ணன்தான். என் கண்ணால் பார்த்தேன். எங்களை நம்பி இவரைப் பின்தொடர்ந்தவர்கள் மன்னிக்கவும். இப்படிக்கு, தையல் கடைக்காரரின் மகள்.'

அனுப்புவதற்கு முன்னால் அம்மாவிடம் காட்டினாள். அம்மா படித்துவிட்டு, "அனுப்பு," என்றாள்.

சற்று நேரத்தில் மருந்துக்கடை அத்தை மூச்சிரைக்க ஓடிவந்தாள். துணிக்கூடையில் சுருண்டு தூங்கும் குட்டியைப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"நானும் அவனைப் பாக்கறதை நிறுத்திட்டேன்! அந்த டாக்டரம்மாவைப் பத்தி உங்கம்மா போன்ல சொன்னாங்க. அவங்க நல்லவங்களா? அவங்களைப் பாக்கலாமா?"

பட்டாசு யோசித்தாள்.

"இருங்க அத்தை. இன்னும் நாலு வீடியோ நல்லாப் பாத்துட்டுச் சொல்றேன்!"