காலிப் பீப்பாயில் கந்தக மணம்

வாசலில் இருந்து நாற்காலிக்கு வந்து சேரவே ஓடிலுக்கு மூச்சு வாங்கியது. தலையில் கட்டியிருந்த துணிக்குக் கீழே புருவங்கள் இல்லை. ஃபிர்மினின் மனைவி சொலாஞ்ச் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஃபிர்மின் அண்ணா, என் மெர்லோ ஒயினை யாரோ கொட்டிட்டாங்க."

ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரியான ஃபிர்மின் சூப் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். "எந்த மெர்லோ?"

"ரொக்மால் மேட்டுக் களிமண்ல காய்ச்ச திராட்சையில போட்டது. எங்க கொள்ளுத்தாத்தா நட்ட கொடி. இருந்ததே ஒரு பீப்பாய்தான். மார்ச்ல ஆஸ்பத்திரிக்குப் போனவ, திராட்சை பறிச்சு முடிச்சப்புறம்தான் வீட்டுக்கே வந்தேன். வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டுத் திறக்கலாம்னு இருந்தேன். இப்பல்லாம் எதைத் தின்னாலும் தகரத்தை நக்கின மாதிரி இருக்கு. எங்க மெர்லோ அப்படி இருக்காது. நாக்கை அதட்டாது, அண்ணா. பழுத்த பிளம்ஸ் மாதிரி வந்து பக்கத்துல உட்காரும்." தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அடுத்த பறிப்புக்கு நான் இருக்க மாட்டேன்."

"நிலவறைச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என் புருஷன் ரெமிகிட்டயும் வேலையாள் ஜோவாக்கிம்கிட்டயும். ஊரே ஜோவாக்கிமைத்தான் சொல்லுது, அவனைத் துரத்தச் சொல்லுது. ரெமி வாயே திறக்கல."

மதியம் கணவனும் மனைவியும் ரொக்மாலில் இருந்த ஓடிலின் தோட்டத்துக்குப் போனார்கள். வழியெல்லாம் சொலாஞ்ச் பொருமினாள். "ஜோவாக்கிம்தாங்க. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியலையா?"

"அந்த மூஞ்சி பொறந்ததுல இருந்தே அப்படித்தான்மா."

அந்த மூஞ்சி நிலவறை வாசலிலேயே நின்றுவிட்டது. "உள்ள வர முடியாதுய்யா. கந்தகம் அடிக்குது. எனக்கு இழுப்பு. பீப்பாய்க்குள்ள கந்தகத் திரி கொளுத்துறது, மேட்டுக் கொடி, ரெண்டையும் ரெமி ஐயாதான் பார்ப்பாரு," என்று இருமினான் ஜோவாக்கிம்.

ஃபிர்மின் பீப்பாயின் துளையில் மூக்கை வைத்துப் பார்த்தார். பிறகு முழங்காலிட்டு, வடிகால் கல்லில் தேங்கியிருந்த சிவப்பைத் தொட்டு மனைவியின் மூக்கருகே நீட்டினார்.

"பச்சைக் குடைமிளகாய் வாசம்," என்றாள் அவள்.

"பிளம்ஸ்?"

"துளிகூட இல்லீங்க."

மேட்டு நிலத்தில் அவர் கொடி கொடியாகக் குனிந்து பார்த்தார்.

"ஏப்ரல்ல பனி கொட்டிச்சே, யாருக்கெல்லாம் திராட்சை போச்சு?"

"மெர்லோ வச்சிருந்த எல்லாருக்கும்தான். அது அவசரக்குடுக்கையாச்சே! முதல் ஆளாத் துளிர்விட்டுக் கருகிடுச்சு. தாமதமாத் துளிர்க்கிற கேபர்னே திராட்சை பிழைச்சுச்சு. இந்த மேட்டுல மட்டும் படலைன்னு ரெமி சொன்னாரே."

"குலையை வெட்டினா காம்போட அடி கொடியிலயே ஒட்டியிருக்கும். இங்க ஒண்ணு காட்டு, பார்ப்போம்."

சொலாஞ்ச் தேடினாள். ஒன்றுகூட இல்லை. தேடத் தேட அவளுடைய உற்சாகம் வடிந்தது. "வீட்டுக்குப் போயிடலாங்க," என்றாள்.

"ஜோவாக்கிம் பேர் கெட்டுப்போயிடும்மா."

ஓடில் வீட்டுச் சமையலறையில் அவள், ரெமி, ஜோவாக்கிம் மூவரையும் உட்கார வைத்து ஃபிர்மின் பேசினார்.

"கெடுக்க வந்தவன் கொட்டிட்டு ஓடியிருப்பான். இங்க ஒரு கை, காலி மரம் புளிச்சுடக் கூடாதுன்னு உள்ளே கந்தகத் திரி கொளுத்தியிருக்கு. அது இந்த வீட்டுக் கை. ஜோவாக்கிமால அந்தப் புகையில நிக்கவே முடியாது. கொட்டினதும் மெர்லோ இல்ல, குடைமிளகாய் வாசம் அடிக்கிற கேபர்னே. மேட்டுல இந்த வருஷம் ஒரு குலைகூடப் பறிக்கல. இனி நீங்க சொல்லுங்க, ரெமி."

ரெமி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "திரியைக் கொளுத்தினதுகூட அப்புறம்தான் உறைச்சுது. கை தானாப் போயிடுச்சு." மனைவியை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. "ஆஸ்பத்திரியில ஒவ்வொரு தடவையும் மெர்லோ எப்படி இருக்குன்னு கேட்டே. கருகிப்போச்சுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. கேபர்னேயை ஊத்திவச்சேன். ஞாயித்துக்கிழமை நெருங்க நெருங்கப் பயம் வந்துடுச்சு. ஒரே வாய்ல கண்டுபிடிச்சுடுவியே."

"கொடி செத்துப்போச்சா?" என்று ஓடில் கேட்டாள்.

"இல்ல, இல்ல. வேர் நல்லாத்தான் இருக்கு. அடுத்த வருஷம் காய்க்கும்."

'அடுத்த வருஷம்' என்பது சொன்ன பிறகுதான் அவர் காதில் விழுந்தது. ஜோவாக்கிம் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"உட்காருப்பா. ஊரை உன்னைப் பத்திப் பேச விட்டதுக்கு எங்களை மன்னிச்சிடு," என்றாள் ஓடில். பிறகு கணவனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல்களில் கந்தகம் இன்னும் மணத்தது.

"அதைக் கொட்டாம இருந்திருக்கலாமே, ரெமி. குடிச்சுட்டு, மெர்லோதான்னு சொல்லியிருப்பேனே."